பிள்ளைக்காக இன்னோர் இடப்பெயர்வு

வன்னியில் ‘இடப்பெயர்வு’ என்றால் என்னவென்று யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததும், அங்கிருந்து பலர் கிளாலிக் கடலைக் கடந்து இங்கே வந்ததும் இடப்பெயர்வு. 1996இல் கிளிநொச்சி நகரம் ஆளற்றுப்போனது இடப்பெயர்வு. 2008 கடைசியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கடல் மறிக்கும்வரை போனதும், பிறகு செட்டிகுளத்துக் கூடாரங்களில் கிடந்ததும் இடப்பெயர்வு. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது இனி இந்தச் சொல்லுக்கு வேலையில்லை என்றுதான் நினைத்தேன்.

அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தி அதே சொல்லை என் முன்னால் சொன்னாள். பயணப்பை கட்டிக்கொண்டிருந்தாள். “கொழும்புக்கு ஒரு மாசம் போறம் மாமா. வெள்ளவத்தையில அறை எடுத்திருக்கு. ஊருக்குச் சொல்லேல்லை. இதோட எனக்கு ஆறாவது இடப்பெயர்வு.” 2009இல் அவளுக்குப் பதினான்கு வயது. இப்போது மணமாகி ஏழு வருடம். பிள்ளை இல்லை.

அவளைப் பற்றி இதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டேன். அவள் சொன்ன இரண்டு வசனங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஒரு மாதம் போகவேண்டியிருக்கிறது என்பது ஒன்று. ஊருக்குச் சொல்லவில்லை என்பது மற்றது. முதலாவது அரசின் குறை. இரண்டாவது எங்களுடையது.

ஏன் ஒரு மாதம் என்று கேட்பவர்கள் உண்டு. சோதனைக்குழாய்க் குழந்தை என்று நாம் சொல்லும் ஐ.வி.எவ். சிகிச்சை, ஒருநாள் போய் ஒரு ஊசி போட்டுவிட்டு வரும் காரியமல்ல. மாதவிலக்கின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி. இடையில் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஸ்கான். சூலகத்தில் முட்டைப் பைகள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று பார்த்து மருந்தின் அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். பிறகு ஒரு கடைசி ஊசி. அது போட்டு ஏறக்குறைய 36ஆம் மணித்தியாலத்தில் முட்டையை எடுத்துவிட வேண்டும். நேரம் தப்பினால் அத்தனை நாள் பாடும் வீண். முட்டை எடுத்ததிலிருந்து மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருவை வைப்பார்கள். அதன்பின் இரண்டு கிழமை காத்திருப்பு. ஊசி மருந்துகளில் பலவற்றைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். ஏ9 வீதியில் இரவு பஸ்ஸில் மடியில் ஐஸ் பெட்டியோடு ஒரு பெண் போவதைக் கண்டால் அதற்குள் மீன் இருக்கிறதென்று நினைத்துவிடாதீர்கள்.

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். மூன்று நாளுக்கொருமுறை போய்வர முடியாது. ஆகவே அறை எடுக்கவேண்டும். அறை வாடகை, சாப்பாடு, ஆட்டோ. கணவன் கூலி வேலையென்றால் அந்த மாதம் கூலியில்லை. வயல்காரனென்றால் காலபோக வெட்டு அவனுக்காகக் காத்திராது. இத்தனைக்கும் மேலேதான் சிகிச்சைச் செலவு. இலங்கையில் அரச வைத்தியசாலைக்குள் நுழைய யாரும் காசு கட்டுவதில்லை. பரிசோதனையும் மாத்திரையும் சத்திரசிகிச்சையும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் ஐ.வி.எவ். என்னும் கடைசிப் படிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தனியார் நிலையங்களின் வாசலில்தான் நிற்கிறார்கள். அங்கே கணக்கு இலட்சங்களில். தாலிக்கொடி அடைவுக்குப் போகிறது. பிறகு காணி உறுதி போகிறது. மீள்குடியேறி, பற்றை வெட்டி, கண்ணிவெடி அகற்றும்வரை காத்திருந்து கையில் எடுத்த காணி அது.

நம் நாட்டு நடைமுறையில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒட்டுசுட்டான் விலாசத்தோடு கொழும்பு அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் போய் நின்றால், நீ இந்த மாவட்டமல்ல என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை. வேறு நாடுகளில் அப்படியல்ல. இங்கிலாந்தில் அரச செலவில் எத்தனை சுற்றுச் சிகிச்சை கிடைக்கும் என்பதை நீங்கள் எந்த வட்டாரத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதே தீர்மானிக்கிறது. 40 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு மூன்று முழுச் சுற்று கொடுக்கவேண்டும் என்று அங்குள்ள தேசிய வழிகாட்டல் 2004இலேயே சொன்னது. 2013இல் திரும்பவும் சொன்னது. ஸ்கொட்லாந்தில் மூன்று வரை கொடுக்கிறார்கள். இங்கிலாந்தின் பல வட்டாரங்களில் ஒன்றோடு சரி. தபால் குறியீட்டு லொத்தர் என்று அங்குள்ளவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கனடாவிலும் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. கியூபெக் 2010இல் மூன்று சுற்றுவரை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, 2015 நவம்பரில் நிறுத்தியது, 2021 நவம்பரில் ஒரு சுற்றோடு மீண்டும் தொடங்கியது. ஒன்ராறியோவில் 2015 டிசம்பர் முதல் 43 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு ஒரு சுற்று உண்டு. மருந்துச் செலவு அவரவர் பாடு. எங்கள் சனம் நிறைந்த லண்டனிலும் ரொறன்ரோவிலும் வீடு பார்க்கும்போது பாடசாலை எது, கோயில் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பதுபோல இதையும் விசாரித்து மாறவேண்டிய நிலை தம்பதியருக்கு வருகிறது.

அப்படி மாறுவது சரியா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பொதுப் பணத்தில் நடக்கும் சிகிச்சையை அதிகம் கொடுக்கும் ஊருக்குக் குடிபோய்ப் பெறுவது, அந்த ஊர்க்காரருக்குரியதைப் பறிப்பதாகாதா? நான் இதைப் பல நாள் யோசித்தேன். ஆகாது என்பதே என் முடிவு. குடிபோகிறவன் அங்கே வாடகை கொடுக்கிறான், வேலை செய்கிறான், வரி கட்டுகிறான், அந்த ஊர்க்காரனாகவே ஆகிறான். தண்ணீர் உள்ள இடத்துக்குப் போய் வயல் செய்வதை யாரும் களவென்று சொல்வதில்லை. இரணைமடுக் குளத்தின் கீழே குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நம்மில் பலர்.

விலாசத்தை மட்டும் மாற்றுவது வேறு. சித்தி வீட்டு விலாசத்தைக் கொடுத்து, இருக்காத வீட்டில் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டு, வரிசையில் முன்னுக்குப் போவது சரியல்ல. ஆசை தவறென்று சொல்லவில்லை. ஒரு வட்டாரம் ஓராண்டுக்கு இத்தனை பேருக்கென்று பணம் ஒதுக்கியிருக்கிறது. பொய் விலாசத்தோடு ஒருத்தி உள்ளே போனால் உண்மை விலாசத்தோடு இன்னொருத்தி வெளியே நிற்கிறாள். அவளுக்கும் 38 வயது. அவளுக்கும் இந்த வருடம் போனால் அடுத்த வருடம் இல்லை. முகம் தெரியாதவள் என்பதால் அவளுடைய நாள் நம்முடையதாகிவிடாது. நிவாரண வரிசையில் நின்ற சனம் நாம். ஒரே குடும்பம் இரண்டு அட்டையில் மா வாங்கியபோது வரிசையின் கடைசியில் நின்றவள் வெறுங்கையோடு திரும்பியதைக் கண்ட கண்கள் நம்முடையவை. இதை நமக்கு வேறு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இங்கே வன்னியில் விலாசம் தடையில்லை, தூரம்தான் தடை. நடைமுறை திறந்துவைத்த வாசலைத் தூரம் மூடிவைத்திருக்கிறது. யாரிடம் கைச்செலவுக்குக் காசிருக்கிறதோ, யாருக்குச் சிங்களம் தெரியுமோ, யாருக்கு வெள்ளவத்தையில் ஒரு உறவு இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அந்த வாசல். எங்கள் வயதுக்காரருக்குக் கொழும்பு லொட்ஜ் என்றதும் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். 2007 ஜூன் 7 விடியற்காலையில் லொட்ஜுகளில் தங்கியிருந்த முன்னூறுக்கு மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. இன்று அந்த நிலையில்லை. ஆனாலும் மகள் அங்கே அறையெடுத்திருக்கிறாள் என்று கேட்கும் தாய் ஒருத்தி இரவில் கண் மூடமாட்டாள்.

இனி, ஊருக்குச் சொல்லவில்லை என்ற இரண்டாவது வசனம்.

பிள்ளை வேண்டி ஊரைவிட்டுப் போவது நமக்குப் புதிதல்ல. எங்கள் பாட்டன் காலத்தில் கடல் கடந்து இராமேஸ்வரம் போனார்கள். அங்கே நாகப் பிரதிட்டை செய்து, தீர்த்தமாடி, நாட்கணக்கில் தங்கி வந்தார்கள். இங்கே புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கும் வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்ந்தார்கள். மரத்தில் தொட்டில் கட்டினார்கள். மடுமாதாவிடம் சைவரும் போனார்கள். அந்தப் பயணங்களில் ஒளிப்பு மறைப்பு இருக்கவில்லை. ஊர் கூடி வழியனுப்பியது. வண்டில் தந்தவன் ஒருவன், வழிச்செலவுக்குக் காசு தந்தவன் ஒருவன், அவர்கள் வரும்வரை மாட்டுக்கு வைக்கோல் போட்டவன் ஒருவன். பிள்ளை பிறந்தால் பேர் வைக்க ஊரே வந்தது. பிறக்காவிட்டாலும் போய்வந்தவர்களை ஊர் தள்ளிவைக்கவில்லை. கடவுள் கண் திறக்கவில்லை என்று சொல்லி அந்தத் துக்கத்தைத் தானும் கொஞ்சம் தாங்கியது.

கோயிலுக்கு ஊரறியப் போன நாம் வைத்தியசாலைக்கு ஏன் ஊரறியாமல் போகிறோம்? கோயிலுக்குப் போனால் குறை விதியில் இருக்கிறது. வைத்தியசாலைக்குப் போனால் குறை உடம்பில் இருக்கிறது. யாருடைய உடம்பில் என்று ஊர் கேட்கும். கேட்பதற்கு முன்னமே விடையும் வைத்திருக்கும். “அவளுக்குத்தான் ஏதோ.” நல்லகாரியத்தில் அவளை முன்னுக்கு விடமாட்டார்கள். பூப்புனித நீராட்டு வீட்டில் ஆலாத்தித் தட்டு அவளைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போகும். மணமான ஆறாம் மாதமே “விசேஷம் ஒண்டும் இல்லையோ?” என்று கேட்கத் தொடங்கிய வாய்கள் ஏழாம் வருடத்தில் அவள் இல்லாத இடத்தில் வேறொரு சொல் சொல்லும். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதமாட்டேன். தமிழில் அதற்கு ஆண்பால் உண்டென்றாலும் அதை யாரும் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

உண்மை என்ன? பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரில் ஆணின் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது; தனித்தோ, பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. இந்தச் சிகிச்சை வழியில் உள்ள எல்லாச் சோதனைகளிலும் மிக எளியது ஆணின் விந்துச் சோதனை. ஊசியில்லை, கத்தியில்லை, காசும் பெரிதில்லை. ஆனால் நம் ஊரில் கடைசியாகச் செய்யப்படுவது அதுதான். மனைவி மூன்று வருடம் இரத்தம் கொடுத்து, ஸ்கான் எடுத்து, குழாய் சோதித்து, நாட்டு மருந்து குடித்து, விரதம் இருந்து மெலிந்த பிறகு ஒருநாள் கணவன் போகிறான். அந்த மூன்று வருடம் அவளுடைய வயதிலிருந்து போனது. இந்தச் சிகிச்சையில் வயதுபோல் வேறொன்றும் கணக்கில்லை. 35க்குக் கீழே இருப்பவருக்கே ஒரு சுற்றில் பிள்ளை கையில் வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்றை ஒட்டித்தான். நாற்பதைத் தாண்டினால் அது மளமளவென்று இறங்கும். ஆகவே, வெட்கத்தால் ஆண் பிற்போடும் ஒவ்வொரு வருடத்துக்கும் விலை கொடுப்பவள் பெண். இதைக் கொடுமை என்றே நான் சொல்வேன்.

இந்த வெட்கம் வன்னிக்கு மட்டும் உரியதல்ல. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுண் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்தாள். அவளுடைய தாய் பிரிஸ்டல் நகரத்தவர். அந்த முதல் தாயும் ஊரைவிட்டு நாட்டின் மறுபக்கம் போய்த்தான் பிள்ளை பெற்றார். அதே ஆண்டு ஒக்டோபர் 3இல் கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அவருடைய சாதனையை அரசு அமைத்த குழு நம்பவில்லை. 1981இல் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அந்தக் குழந்தை தன் பெயரோடு உலகத்தின் முன் வந்து நின்றது 2003இல், 25 வயதில். அதுவரை குடும்பம் அதை மறைத்தே வைத்திருந்தது. ஒரு பிள்ளை எப்படி உண்டானது என்பதை 25 வருடம் மறைக்கவைப்பது ஊரின் நாக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்கில், வளர்ந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருதடவையாவது பிள்ளைப்பேறின்மையைச் சந்திக்கிறார். உங்கள் ஒழுங்கையில் எத்தனை வீடு என்று எண்ணிப்பாருங்கள்.

வன்னிக்கு இதில் தனியான ஒரு கணக்கும் இருக்கிறது. முள்ளந்தண்டில் ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கும் ஆண்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களை விரும்பி மணந்த பெண்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்களைவிடப் பெரிய மனிதரை நான் கண்டதில்லை. முள்ளந்தண்டு காயப்பட்ட ஆணுக்குப் பெரும்பாலும் இயற்கையாகப் பிள்ளை உண்டாவதில்லை. ஆனால் அவனுடைய உடலில் உயிரணு இருக்கிறது. அதை வைத்தியர் எடுத்துக் கொடுத்தால் அவன் தகப்பனாகலாம். அமெரிக்கா 2016இல் சட்டம் செய்து, படைச் சேவையில் காயப்பட்டுப் பிள்ளைபெற முடியாமற்போன தன் முன்னாள் படையினருக்கு அரச செலவில் ஐ.வி.எவ். கொடுக்கத் தொடங்கியது. காயம் பொதுக் காரணத்தால் வந்தது, ஆகவே மருந்தும் பொதுப் பணத்தில் என்பதே அதன் நியாயம். இங்கே காயப்பட்டவன் எந்தப் பக்கம் நின்றான் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எந்தப் பக்கமும் நிற்காமல் பதுங்கு குழிக்குள் இருந்தபோது காயப்பட்டவர்களே கணக்கில்லை. அவளோ, அவனை மணந்தவள், எந்தப் பக்கம் நின்றாள்?

பிள்ளையை இழந்தவர்களின் கணக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைத் தின்ற அதே அலை நாகப்பட்டினத்தையும் தின்றது. அங்கே குடும்பக்கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பல தாய்மார் இருந்த பிள்ளைகளையெல்லாம் ஒரு காலையில் இழந்தார்கள். தமிழ்நாட்டு அரசு அவர்களுக்கு மீண்டும் கருக்குழாயை இணைக்கும் சத்திரசிகிச்சையை இலவசமாகச் செய்துகொடுக்க முன்வந்தது. 2008இல் சிச்சுவான் நிலநடுக்கத்துக்குப் பின் சீன அரசும் அப்படியே வைத்தியக் குழுக்களை அனுப்பியது. பிள்ளை பெறுவது வீட்டுக்குள் நடக்கும் காரியம்தான். ஆனால் ஒரு சமூகம் பிள்ளைகளை மொத்தமாக இழந்த பின்னால் அது வீட்டுக்காரியம் மட்டுமல்ல என்று அந்த இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டன. முல்லைத்தீவு அலையையும் கண்டது, அதற்கு நாலரை வருடத்தின் பின் முள்ளிவாய்க்காலையும் கண்டது.

எல்லோருக்கும் பிள்ளை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நாலு சுற்று முடிந்தும் வெறுங்கையோடு வருபவர்கள் உண்டு. எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருப்பதும் வாழத்தெரிந்திருப்பதுதான். போகும் முன்பே கணவனும் மனைவியும் தனியாக இருந்து பேசி, இத்தனை முறை, இவ்வளவு காசு, காணியைத் தொடமாட்டோம் என்று தமக்குள் ஒரு எல்லை வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் உறவுகளும் அந்த எல்லையை மதிக்கவேண்டும். “இன்னொருக்காச் செய்து பாருங்கோ” என்று தொலைபேசியில் சொல்வது சுலபம். ஊசி போடப்படுவது அவளுடைய வயிற்றில்.

அரசிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது, அது பெரிய செலவுமல்ல. 2024 மே மாதம் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியுடன் கட்டிய பெண்கள் சுகநலத்துக்கான சிறப்பு மையத்தை அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க திறந்துவைத்தார். கட்டடம் இருக்கிறது. பிள்ளையில்லாத எல்லோருக்கும் ஐ.வி.எவ். தேவைப்படுவதில்லை; முட்டை வெளிவர உதவும் மலிவான மாத்திரைகள், தைரொயிட் சரிபார்த்தல், விந்தைச் சுத்திகரித்துக் கருப்பைக்குள் வைக்கும் சிகிச்சை ஆகியவற்றோடு பலருடைய பயணம் முடிந்துவிடும். இவற்றை மாவட்ட வைத்தியசாலையிலேயே செய்யலாம். ஐ.வி.எவ். வேண்டியவர்களும் சிகிச்சை முழுவதற்கும் கொழும்பில் இருக்கத் தேவையில்லை. தினசரி ஊசியும் இடையிடை ஸ்கானும் கிளிநொச்சியிலும், முல்லைத்தீவு மாஞ்சோலையிலும், வவுனியாவிலும் நடந்து, முட்டை எடுக்கவும் கரு வைக்கவும் மட்டும் ஆய்வுகூடம் உள்ள இடத்துக்குப் போனால் போதும். வேறு நாடுகளில் தொலைவில் உள்ளவர்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். அந்த ஆய்வுகூடம் வடக்கின் ஒரே போதனா வைத்தியசாலை இருக்கும் யாழ்ப்பாணத்தில் அரச செலவில் அமைந்தால் கிளிநொச்சியிலிருந்து இரண்டு மணித்தியாலப் பயணம். ஒரு மாத இடப்பெயர்வு இரண்டு நாள் பயணமாகிவிடும். கூலியும் போகாது, வயலும் போகாது.

ஒவ்வொரு மருத்துவமாதுவின் கையிலும் தன் பிரிவிலுள்ள தம்பதியரின் பதிவேடு இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை வருடமாகப் பிள்ளையில்லை என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேரையும் சேர்த்துக் கிளினிக்குக்கு வரச்சொல்ல அவரால் முடியும். கணவனின் பெயரையும் எழுதிக் கடிதம் கொடுக்க அவரால் முடியும். வடமாகாண சுகாதாரத் திணைக்களம் அதை ஒரு கட்டளையாக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

ஊரவரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் எங்கே போனார்கள் என்று விசாரிக்காதீர்கள். அவர்கள் வளவில் நிற்கும் மாட்டுக்குத் தண்ணீர் வையுங்கள். வந்திறங்கும் நாளில் அவள் வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.